ஊட்டிப் பயணத்தில் பிறந்தநாள் கேக்: கோவையிலிருந்து எடுத்துப்போவதா, மலையிலேயே சொல்லிச் செய்வதா?

மஞ்சள்மாநகரம்
வணக்கம். மே மூன்றாவது வாரம் குடும்பத்தோடு நீலகிரி போகிறோம். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், நாங்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். வியாழக்கிழமை மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்காவில் பிள்ளைகளை நாள் முழுவதும் விளையாட விடுவது, இரவு கீழேயே தங்குவது, வெள்ளிக்கிழமை காலை 7.10 மலை ரயிலில் ஊட்டிக்குப் போவது என்று திட்டம். ரயிலில் நான்கு டிக்கெட்தான் கிடைத்தது. மற்றவர்கள் வேனில் மேலே வருவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் என் மகனுக்கு ஆறு வயது நிறைகிறது. மலை ரயில் என்றால் அவனுக்கு உயிர். படம் வரையச் சொன்னால் அதைத்தான் வரைவான். எனவே ரயில் வடிவத்தில் கேக் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வீட்டில் பெரியவர்கள் முட்டை சேர்க்கமாட்டார்கள். மகனுக்கு முந்திரியும் பாதாமும் ஆகாது. வாயில் பட்டாலே உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். இரண்டையும் கவனித்தாக வேண்டும்.

கோவையில் தெரிந்த கடையில் வியாழக்கிழமை காலையிலேயே கேக்கை வாங்கிக்கொண்டால் என்ன என்று கணவர் கேட்கிறார். பூங்காவிலேயே வெட்டிவிடலாம் என்கிறார் நாத்தனார். ஊட்டியில் முன்பின் தெரியாத கடையில் சொல்லிச் செய்வது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கோவைக் குடும்பஸ்தன்
சகோதரி, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்குத் தெரிந்த கடைதான் பாதுகாப்பு. ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்த கடை, பேசிப் பழகிய ஆள் என்பது சாதாரண விஷயமில்லை. நாங்கள் கோவையிலிருந்து குன்னூருக்குக் கேக் எடுத்துப்போயிருக்கிறோம், நன்றாகவே போய்ச் சேர்ந்தது. வேனில் ஏசியை நன்றாகக் கூட்டி வையுங்கள். கேக்கை யாரும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். இருக்கையும் சாய்வாக இருக்கும். கால் வைக்கும் தரைதான் சமமான இடம். அங்கே ஈரத்துணியை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்தால் வளைவுகளில் நகராது.

அன்னூர் ராட்டினம்
பூங்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்படிப்பட்ட நீர் விளையாட்டுப் பூங்காக்களில் வெளி உணவைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பையைப் பார்ப்பார்கள், அங்கே போய் வாதாடுவதில் பயனில்லை. ஆனால் முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, பிறந்தநாள் என்று சொல்லிக் கேளுங்கள். உணவகத்தில் ஒரு மேசையும் சிறிய கேக்கும் ஏற்பாடு செய்து தர முடியுமா, நாமே கொண்டுவரலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னவரின் பெயரையும் நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அலைக்குளத்திலிருந்து எழுந்து வரும் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டும் பொறுமை இருக்காது. ஈர உடையில் நடுங்கிக்கொண்டு, எப்போது மறுபடி தண்ணீருக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வயிறு நிறையக் கேக் சாப்பிட்டுவிட்டுச் சறுக்கில் ஏறினால் வாந்தியில் முடியும். நான் அங்கே பெரிய கேக்குக்கு வாக்களிக்கமாட்டேன்.

கோத்தகிரி அடுப்படி
வணக்கம் சகோதரி. கோத்தகிரியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் கடைக்கு ஆள் பிடிக்க எழுதவில்லை. உங்கள் தேதியில் என் கை ஏற்கெனவே நிறைந்துவிட்டது. ஆனால் ஒவ்வாமை என்று படித்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். வியாழன் காலை கோவையில் வாங்கும் கேக் வெள்ளி மாலை ஊட்டியில் வெட்டும் வரை எங்கே இருக்கும்? நீங்கள் பூங்காவில் இருக்கும் நேரம் முழுக்க அது வேனில் இருக்கும். மே மாதத்து மேட்டுப்பாளையம் வெயிலில், பூட்டி நிறுத்திய வேனுக்குள் அடுப்பு மூட்டியது போல அனல் அடிக்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். வெண்ணெய்க் கிரீம் அந்த வேனில் மதியம் வரை நிற்காது. பால் கிரீமுக்கு அதுவும் கிடையாது, கெட்டே போகும். கடைகளில் பெரும்பாலும் பயன்படுத்தும் பாமாயில் கலந்த விப்பிங் கிரீம் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஒரு பகல் முழுக்க வேனில் அதுவும் முடியாது. இரவு விடுதியில் குளிர்பெட்டி கேட்டு வாங்குவது தனிப் பாடு. மறுநாள் ரயிலில் நீங்கள் நான்கு பேர். மலை ரயில் பெட்டியில் சாமான் வைக்கவே இடம் கிடையாது, கேக் பெட்டிக்கு எங்கே போவது? வேனில்தான் வர வேண்டும்.

குடும்பஸ்தன் அண்ணா குன்னூருக்கு எடுத்துப்போனது ஒரே நாளில், நேராக. அதற்கும் இதற்கும் வேறுபாடு நிறைய இருக்கிறது. ஈரத்துணி யோசனை மிகச் சரியானது, அதை எல்லோரும் பின்பற்றலாம்.

ஒவ்வாமை இருக்கும் இடத்தில் தெரிந்த கடைதான் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த கடை என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. அந்தக் கடையிலும் பாதாம் கேக்குக்கு மாவு கலக்கிய அதே கிண்ணமும் கரண்டியும்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகளை எந்த ஊரில் வாங்கினாலும் கேட்டே ஆக வேண்டும். அவற்றை நாளை விரிவாக எழுதுகிறேன், இப்போது அடுப்பில் ஒன்று இருக்கிறது.

பல்சக்கரம்
ரயில் கேக் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். அக்கா, எப்படிச் செய்தாலும் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்துதான் பெட்டிகளைத் தள்ளும். கேக் கடைக்காரர்கள் வழக்கமாக இன்ஜினை முன்னால் வைத்துவிடுவார்கள். உங்கள் மகன் படம் வரைகிறவன் என்றால் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

நிறம் நீலமும் வெளிர் மஞ்சளும். பெட்டியின் கீழ்ப்பகுதி நீலம், ஜன்னல் வரிசை வெளிர் மஞ்சள். தண்டவாளம் இரண்டு, நடுவில் பல்தண்டவாளம். அந்தப் பல்தண்டவாளத்தில் இரண்டு பட்டைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அப்போதுதான் இன்ஜினின் பல்சக்கரத்தில் ஒரு பல்லாவது எப்போதும் பிடியில் இருக்கும். கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் பாதை ஏறுகிறது, பிடி விடக் கூடாதல்லவா. 1899ஆம் ஆண்டு குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அன்று காலை 46 கிலோமீட்டரும் அதிலேயே வந்துவிட்டு மாலையில் அதையே கேக்காகப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் சந்தோஷம் வராது!

மஞ்சள்மாநகரம்
பல்சக்கரம் தம்பி, இன்ஜின் பின்னால் என்பதை அவனிடம் கேட்டேன். "ஆமாம், இது கூடத் தெரியாதா?" என்றான். குறித்துக்கொண்டேன்.

கோத்தகிரி அக்கா, நாளை கட்டாயம் எழுதுங்கள். வேனில் வெயில் ஏறும் என்பதை நாங்கள் யோசித்தோம், ஆனால் ரயிலில் இடம் இல்லாததை யாரும் யோசிக்கவில்லை.

குன்னூர் வண்டிக்காரர்
அம்மா, பாதையைப் பற்றி நான் சொல்கிறேன். சீசனில் போலீசார் ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டி பர்லியாறு, குன்னூர் வழி. ஊட்டியிலிருந்து இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி. உங்கள் வேன் ஏறும்போது கோத்தகிரியைத் தொடவே தொடாது. அங்கே கேக் சொல்லிவிட்டுப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. குன்னூரிலோ ஊட்டியிலோதான் சொல்ல வேண்டும்.

இ-பாஸை மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அடுத்த ஆண்டு சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். கோவையிலிருந்து கேக்கைக் காரில் அனுப்பி வைக்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்தக் காருக்கும் பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை.

மலர்க் கண்காட்சி வாரத்தில் குன்னூரிலிருந்து ஊட்டி சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நானே சொல்லமாட்டேன். அந்த வாரத்தில் கேக்கை நீங்கள் தங்கும் இடத்துக்கு நடந்து வரும் தூரத்தில் வாங்குவதே உத்தமம்.

கோத்தகிரி அடுப்படி
சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மலையில் கேக் செய்வது கீழே செய்வது போல இல்லை. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு வேகமாக விரியும். கீழே அளந்த அதே பேக்கிங் பவுடரைப் போட்டால் கேக் ஓவனுக்குள் குபுகுபுவென்று எழும்பி, உடம்பு வேகும் முன்னே நடுவில் குழிந்துவிடும். எனவே இங்கே பேக்கிங் பவுடரைக் குறைப்போம், சர்க்கரையைச் சற்றுக் குறைப்போம், பால் அல்லது தயிரைக் கூட்டுவோம், ஓவன் சூட்டையும் கொஞ்சம் ஏற்றுவோம். ஈரம் சீக்கிரம் போய்விடும், அதனால் அடுக்குகளுக்கு நடுவே சர்க்கரைப் பாகு தடவுவது கட்டாயம்.

முட்டை இருந்தால் அது கேக்கைத் தாங்கிப் பிடிக்கும். முட்டையில்லாத கேக்குக்கு அந்தத் தூண் கிடையாது. ஆகவே மலையில் முட்டையில்லாத கேக் செய்வதற்குக் கைப்பழக்கம் வேண்டும். "எக்லெஸ் வாரத்துக்கு எத்தனை செய்வீர்கள்?" என்று கடையில் கேளுங்கள். தினமும் செய்கிறவர் உடனே பதில் சொல்வார். எப்போதாவது செய்கிறவர் இழுப்பார். அந்த இழுப்பிலேயே தெரிந்துவிடும்.

முட்டையில்லை என்றால் சைவம் என்று பொருளாகிவிடாது என்பதையும் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே வைக்கும் மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. கடற்பாசியில் செய்த ஜெல்லி போதும் என்று சொல்லுங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்று பார்த்துவிடலாம். முட்டை சேர்ந்தாலே பழுப்பு முக்கோணம்தான் இருக்கும். சொல்லிச் செய்யும் கேக்கில் அப்படி ஒரு குறி வராது. வாயால்தான் கேட்க வேண்டும்.

இனி முந்திரி, பாதாம். ஊட்டியில் எனக்குப் பெரிய கவலை இதுதான். இங்கே தெருவுக்குத் தெரு வீட்டுச் சாக்லேட் விற்கிறார்கள். முந்திரி, பாதாம், உலர்திராட்சை போட்டு வார்ப்பதுதான் அதன் சிறப்பே. கேக் அலங்காரத்துக்குச் சாக்லேட் துண்டு, சாக்லேட் பலகை என்று வைக்கும்போது அந்தப் பாத்திரத்தில் உருக்கிய மிச்சத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். "கேக்கில் முந்திரி இல்லை" என்று கடைக்காரர் மனதாரச் சொல்வார், பொய்யும் சொல்லவில்லை, ஆனால் அலங்காரத்தில் தூள் ஒட்டியிருக்கும். ஆகவே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: மாவில் பாதாம் எசென்ஸோ பாதாம் மாவோ இருக்கிறதா? ஓவனிலும் கிண்ணத்திலும் அன்று வேறு என்ன செய்கிறீர்கள்? அலங்காரச் சாக்லேட் எங்கிருந்து வருகிறது? "அன்றைக்கு முதல் கேக்காக எங்களுடையதைச் செய்துதாருங்கள், பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு" என்று கேளுங்கள். நல்ல கைக்காரர் மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அனுப்பி, "படித்தேன், செய்கிறேன்" என்ற பதிலை வாங்குங்கள். போன் எடுக்கிறவர் ஒருவர், மாவு கலக்குகிறவர் இன்னொருவர். எழுத்து மட்டும்தான் இருவர் கைக்கும் போகும். மருத்துவர் தந்த மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

வெலிங்டன் வாசகி
அடுப்படி அக்கா சொன்ன கடைசி விஷயத்தை நான் இரண்டு கைகளாலும் வழிமொழிகிறேன். ஊட்டியில் ஒரு கடையில் என் அக்கா மகளுக்கு முட்டையில்லாத கேக் சொன்னோம். கடையில் தலையாட்டினார்கள். மாலையில் வந்த பெட்டியைத் திறந்தால் பெயர் தப்பு. முட்டை வாசனை வேறு. கேட்டபோது, சொன்னவர் இன்று விடுமுறை என்றார்கள். எங்களிடம் ரசீது மட்டும் இருந்தது, அதில் "கேக் 1 கிலோ" என்பதைத் தவிர எதுவுமில்லை. பாட்டி அன்று கேக்கைத் தொடவே இல்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பெயரின் எழுத்து, முட்டை, எடை, நேரம் எல்லாம் ரசீதிலேயே இருக்க வேண்டும். எழுதாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்து செய்கிறவர்களாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு எண்ணைக் கேளுங்கள். 14 இலக்கம். தயங்காமல் தருகிறவர்களிடம் நம்பிக்கையாக வாங்கலாம்.

கோவைக் குடும்பஸ்தன்
அடுப்படி சகோதரி எழுதியதைப் படித்தேன். ஒரு பகல் வேனில் நிற்கும் என்பதால் கிரீம் கேக் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் கிரீமே இல்லாத கேக் என்றால்? கோவையில் தெரிந்த கடையிலேயே முட்டையும் கொட்டைகளும் இல்லாத சாதாரணப் பிளம் கேக்கோ ரொட்டி வடிவக் கேக்கோ வாங்கினால் அது வெயிலுக்கும் வளைவுக்கும் அஞ்சாது. குழந்தை சாப்பிடுவதற்கு அது. மற்றவர்களுக்கு ஊட்டியில் அலங்காரக் கேக். இப்படிச் செய்தால் தெரியாத கடையின் பாத்திரத்தை நம்ப வேண்டியதே இல்லையே.

கோத்தகிரி அடுப்படி
அண்ணா, இது நல்ல யோசனை, என் யோசனையைவிட நல்லது. ஒன்றை மட்டும் மாற்றுவேன். பிறந்தநாள் பிள்ளைக்கு ஒரு கேக், ஊராருக்கு ஒரு கேக் என்றால் ஆறு வயதுப் பிள்ளை எதைக் கேட்பான்? மேசையில் ரயில் நிற்கும்போது தட்டில் ரொட்டி வடிவக் கேக்கை வைத்தால் அழுவான். அந்தக் கோவைக் கேக்குகளையே ரயில் ஆக்கிவிட்டால்?

ரொட்டி வடிவக் கேக் மூன்று போதும். இரண்டு அப்படியே பெட்டிகள். மூன்றாவதைப் பாதியாக அறுத்தால் ஒரு பாதி ஓட்டுநர் அறை, மறுபாதியைச் செதுக்கி உருளையாக்கினால் கொதிகலன். ஊட்டிக் கடையின் கை எதிலும் படாது. விடுதி அறையில் நீங்களே வைத்துப் பூசலாம். கோவைக் கடையிலேயே வெண்ணெய்க் கிரீமைத் தனிக் குடுவையில் வாங்கி, பனிக்கட்டி போட்ட சின்னப் பெட்டியில் எடுத்து வாருங்கள். கேக்கைக் காப்பாற்றுவதைவிடக் குடுவையைக் காப்பாற்றுவது எளிது. இரவு விடுதியில் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் புதுப் பனிக்கட்டி போடுங்கள். ஊட்டியில் இறுகிவிடும், வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துக் குழைத்துக்கொள்ளுங்கள்.

நீலத்துக்குக் கிரீம் முழுவதிலும் சாயம் போட வேண்டாம். அடர் நீலம் வர நிறையச் சாயம் வேண்டும், கசக்கும், பிள்ளைகளின் பல்லெல்லாம் நீலமாகும். கிரீமை வெளிர் மஞ்சளாகவே பூசிவிட்டு, சர்க்கரைப் பசையை (ஃபாண்டன்ட்) நீலமாக்கித் தட்டி, பட்டையாக வெட்டிப் பெட்டியின் கீழ்ப்பாதியில் ஒட்டுங்கள். சங்குப்பூ ஊறிய தண்ணீரிலும் நீலம் வரும், ஆனால் எலுமிச்சையோ தயிரோ பட்டால் ஊதாவாகிவிடும். சர்க்கரைப் பசையை ஒட்டிய பிறகு குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்; வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். ஊட்டி மூடுபனியில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அதே கதைதான்.

பல்சக்கரம் தம்பி கேட்ட பல்தண்டவாளத்துக்குச் சாக்லேட் சிப்ஸ். கொட்டைகள் இல்லாதது என்று உறையில் படித்துக் கோவையிலேயே வாங்குங்கள். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று தள்ளி. அதைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள், அவன் வைக்கட்டும்.

பல்சக்கரம்
அருமை அக்கா! கொதிகலனுக்கு மேல் புகைபோக்கி வேண்டும். சாக்லேட் பூசிய வேஃபர் உருளையை ஊன்றிவிடலாம். உறையைப் படித்த பிறகு.

குறிஞ்சிக்கரை
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதே சிக்கல் எங்களுக்குக் கொடைக்கானலில். அம்மா அப்பாவின் ஐம்பதாவது திருமண நாள். ஏரிக்கரையிலோ கோக்கர்ஸ் வாக் நடைபாதையிலோ எல்லோரும் நின்று கேக் வெட்டினால் படம் நன்றாக வரும் என்று தங்கை சொல்கிறாள். வத்தலக்குண்டு வழியாக ஏறுகிறோம்.

பெருமாள்மலைக்காரன்
வேண்டாம் என்று சொல்லவே பதில் எழுதுகிறேன். திறந்த இடத்தில் கேக் பெட்டியைத் திறந்த மறுநொடி குரங்கு வரும். ஒன்று வந்தால் கூட்டமே வரும். தட்டிப் பறிக்கும்போது கையைக் கடித்தால் ஊசி போட மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மனிதர் தின்னும் இனிப்பைத் தின்று பழகிய குரங்கு அடுத்த குடும்பத்தையும் விடாது. குரங்குக்கு உணவு கொடுப்பது குற்றமும்கூட. காட்டுமாடுகள் வேறு ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. படம் ஏரிக்கரையில் எடுங்கள், கேக்கைத் தங்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுங்கள். ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து நிதானமாக வெட்டட்டும், குளிர்காற்றில் நிற்க வைக்காதீர்கள்.

மலைப்பாதையில் அடுக்குக் கேக் எடுத்துவர நினைத்தால், அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் வாங்கி மேலே வந்து அடுக்குங்கள். கொடைக்கானலிலேயே நல்ல கைக்காரர்கள் இருக்கிறார்கள். இழையில் கடைப் பெயர் இடக் கூடாது என்பதால் தனிமடலில் சொல்கிறேன். மே கடைசியில் வருவதாக இருந்தால் பிளம்ஸ் பழம் வந்திருக்கும். அதைச் சர்க்கரையில் வேகவைத்து நடு அடுக்கில் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் புளிப்பு பெரியவர்களுக்குப் பிடிக்கும், திகட்டாது.

நெறியாளர்
கடைப் பெயர்கள் தனிமடலில் மட்டும். இரண்டு மலைகளுக்கும் பொதுவான ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதில் அடங்கும். மலைகளில் சோதனைச் சாவடியிலேயே பார்க்கிறார்கள், சிறிய தண்ணீர் பாட்டிலைக்கூட விடுவதில்லை. கேக்கோடு கடையில் தரும் பிளாஸ்டிக் கத்தியையும் மினுமினுப்புத் தாளையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாக்கு மட்டைத் தட்டு, வீட்டுக் கத்தி, துணித் தோரணம் போதும். ஸ்னோ ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அதில் எரியக்கூடிய வாயு இருக்கிறது, மெழுகுவத்திக்கு அருகே அடித்தால் தீப்பற்றும்.

மஞ்சள்மாநகரம்
பயணம் முடிந்து வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பூங்காவில் கேக் வெட்டவில்லை. அன்னூர் ராட்டினம் அண்ணன் சொன்னது போலப் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுப்பதே பெரும்பாடாக இருந்தது. கோவைக் கடையில் மூன்று ரொட்டி வடிவக் கேக் சொன்னோம். கேள்விகளை எழுதி அனுப்பியபோது, தெரிந்த கடைக்காரரே, "பாதாம் எசென்ஸ் வழக்கமாகப் போடுவேன், நல்லவேளை கேட்டீர்கள்" என்றார். படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இத்தனை நாளும் அவரிடம் வாங்கியவை வேறு கேக் என்பதால் தெரியாமல் போயிருக்கிறது. அடுப்படி அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்.

ஊட்டியில் மாமியார் கிரீம் பூசினார், நாத்தனார் நீலப் பட்டை வெட்டினார். பல்தண்டவாளம் முழுக்க அவன் வேலை. ஒவ்வொரு சிப்ஸையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தான், பள்ளத்துக்கு நேரே பல் இருக்கிறதா என்று. ஓர் இடத்தில் இரண்டு பல் நேர்நேராக வந்துவிட்டது என்று அந்த வரிசையையே எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். இன்ஜின் பின்னால்தான் நின்றது. எதை வெட்டுவது என்று கேட்டபோது முன் பெட்டி வேண்டாம், இன்ஜின் வேண்டாம், நடுப் பெட்டியை வெட்டலாம் என்றான். மாமனார் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்ஜின் அப்படியே மிச்சம். விடுதி அறை நல்ல குளிர், இரவு மேசையிலேயே வைத்துவிட்டோம். மறுநாள் சாப்பிட்டிருக்கலாமா? வேண்டாம் என்று நான் தடுத்தேன், அதனால் கணவருக்கு வருத்தம்.

கோத்தகிரி அடுப்படி
எசென்ஸ் விஷயத்தைப் படித்து எனக்கும் நெஞ்சு பதறியது. பிள்ளை நன்றாக இருக்கிறான், அது போதும்.

மிச்சத்துக்கு வருகிறேன். உங்கள் கேக்கில் இருந்தது வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த கிரீம் என்றால் ஊட்டியின் ஒரு இரவுக்குக் கெட்டிருக்காது, சாப்பிட்டிருக்கலாம். பால் கிரீமோ விப்பிங் கிரீமோ என்றால் நீங்கள் தடுத்ததுதான் சரி. அவை 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், மே மாதத்து ஊட்டி அறை எவ்வளவு குளிர்ந்தாலும் அவ்வளவு குளிராது. கடைக்காரரிடம் எந்தக் கிரீம் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை மிச்சமானால் கிரீமை வழித்துவிட்டு, கேக்கை மட்டும் துண்டுபோட்டு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மலையில் திறந்து வைத்த கேக் ஓர் இரவில் வறண்டுவிடும்.

குறிஞ்சிக்கரை
நாங்கள் அடுத்த வாரம் ஏறுகிறோம். பெருமாள்மலை அண்ணன் தனிமடலில் சொன்னவரிடம் பேசிவிட்டோம். ஒன்றரைக் கிலோ, ஒரே அடுக்கு, நடுவில் பிளம்ஸ். முட்டையில்லாதது தினமும் செய்கிறாராம், கேட்டவுடன் பதில் வந்தது. எல்லாவற்றையும் எழுதி அனுப்பி ரசீதும் வாங்கிவிட்டேன். வத்தலக்குண்டில் ஈரத்துணியெல்லாம் தேவையில்லை, கேக் பக்கத்துத் தெருவிலிருந்துதான் வருகிறது.